புகையான் வட்டம்

அந்த நீல டிரம்மை எங்கள் அடுக்ககத்தின் பால்கனியில் கொண்டுவந்து வைத்தவர் அப்பா. ஈரச் சாக்கைப் போட்டு மூடியவள் அம்மா. வாசனைக்கு யார் பொறுப்பு என்று கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து கேட்டபோது கதவைத் திறந்தவள் நான்.

"ஏம்மா, உங்க ஊட்டாண்ட எலி கிலி எதனா செத்துக் கெடக்குதா? துணி காயப்போட முடியல. ஒரே கப்பு."

நான் பதில் தேடுவதற்குள் அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "எலி எல்லாம் இல்லக்கா. இவ அப்பாவுக்கு இருமல்லா? இலை ஊறப் போட்டிருக்கு."

"இத்தையா குடிக்கிறாரு?"

"வேற வழி?"

"பாவம் மனுசன்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் இறங்கிப் போனார். அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மாடிப்படியில் அப்பாவைப் பார்த்த எல்லோரும் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

அம்மா சொன்னது முழுப் பொய் இல்லை. டிரம்மில் ஐந்து வகை இலைகள் மாட்டுக் கோமியத்தில் ஊறிக்கொண்டிருந்தன: வேம்பு, நொச்சி, எருக்கு, புங்கம், ஆடாதொடை. கடைசி இலையில் ஒரு கைப்பிடியை எடுத்துத்தான் அம்மா தினமும் காலையில் மிளகு தட்டிப்போட்டு அப்பாவுக்குக் கஷாயம் வைத்தாள். ஒரே செடியின் இலை, பாதி அப்பாவின் நெஞ்சுக்கு, பாதி நெற்பயிரின் பூச்சிக்கு. எங்கள் வீட்டில் அந்த வருடம் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பா ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில், ராணுவ வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பட்டாபிராமில் இந்த வீட்டுக்கு வந்தோம். அவருடைய கைக்குள் வேலைக்காலம் முழுவதும் ஸ்ப்ரே துப்பாக்கி இருந்தது. அவருடைய நெஞ்சுக்குள் அது தூவியதில் ஒரு பங்கு தங்கிவிட்டது. இனி பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து எதுவும் மூச்சில் படக்கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று மாலையே அம்மா வீட்டைச் சலித்தெடுத்தாள். வெளியே போனவை: கொசுவர்த்திச் சுருள், ஃபினாயில், கரப்பான் மருந்து, சாம்பிராணி, அப்பாவின் ஷூ பாலிஷ், என் நகப்பூச்சு. நகப்பூச்சுக்காக நான் வாதாடினேன். பலிக்கவில்லை.

இப்படிக் கழுவித் துடைத்து வைத்த வீட்டில்தான் ஒருநாள் அப்பா, தான் நெல் பயிரிடப்போவதாக அறிவித்தார்.

அவர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அல்ல. தாத்தா அம்பாசமுத்திரத்தில் தையற்காரர். அதனால் ரத்தத்தில் ஊறியது, மண் கூப்பிட்டது என்றெல்லாம் சொல்ல அவருக்கு வழியில்லை. பெயிண்ட் ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த இளைய நண்பர் ஒருவருக்கு முத்தாபுதுப்பேட்டை சொந்த ஊர். சுற்றிலும் மனைக்கற்கள் நட்டபிறகும் விற்காமல் வைத்திருந்த தம் வயலில் ஓரத்துத் துண்டு ஒன்றை அவர்தான் கொடுத்தார். "சும்மாத்தான கீது அண்ணாத்தே, எறங்கு" என்றாராம். இவர் இறங்கிவிட்டார்.

ஏன் என்று நான் கேட்டேன். அப்பா சொன்னார்.

"வண்டி வண்டியாப் பச்சை அடிச்சிருக்கேன்மா. எல்லாம் நான் அடிச்சாத்தான் பச்சை. அடிக்காமலே பச்சையாகிற ஒண்ணைப் பக்கத்துல இருந்து பாக்கணும்னு இருக்கு."

அம்மா மறுக்கவில்லை. அவர் மூச்சின் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கப் பழகியவள் அவள். அந்தச் சத்தத்தில் அன்று ஏதோ வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"போங்க. வேண்டாங்கல. ஆனா மருந்து டப்பா ஒண்ணு அந்த வரப்புல ஏறிச்சுன்னா அன்னைக்கே வயலை விட்டுரணும். அப்புறம் அந்தப் பக்கமே போகக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

அப்பா தலையாட்டினார். அதனால்தான் டிரம் வந்தது.

எந்த இலையைப் பறிப்பது என்பதற்கு அப்பா ஊரில் விசாரித்துக்கொண்டு வந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. ஆடு வாய் வைக்காத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை, கசக்கினால் நாறும் இலை. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்களின் தரத்தைச் சோதிக்கும் பொறியாளர். கருவி எதுவும் இல்லாமல் நாக்கையும் மூக்கையும் ஓர் ஆட்டையும் வைத்துக்கொண்டு இத்தனை தெளிவாக ஒரு சோதனை முறையை எழுதிவிட முடியும் என்று நான் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் ஸ்கூட்டரில் இலை பறிக்கப் போனோம். ஏரிக்கரையில் நொச்சி கிடைத்தது. பழைய குவார்ட்டர்ஸ் தெருவில் வேம்பு. ஸ்டேஷன் சாலையில் புங்கம். நண்பரின் வேலியில் ஆடாதொடை. ராணுவச் சரக்கு ரயில்கள் ஒதுங்கி நிற்கும் சைடிங் தண்டவாளத்தை ஒட்டி எருக்கு மண்டிக் கிடந்தது. அங்கே வேலிக்கு வெளியே நின்று நாங்கள் ஒடிப்பதைப் பார்த்த காவலர் கூப்பிட்டார்.

"இன்னா சார், எருக்கம்பூவா? புள்ளையாருக்கா?"

"இல்லப்பா, இலைதான். நெல்லுக்கு."

"நெல்லுக்கு எருக்கு மாலையா?" அவருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

இலைகளை நறுக்கி, இடித்து, கோமியத்தில் போட்டு, காலையும் மாலையும் ஒரு குச்சியால் கலக்கிவிட வேண்டும். இலை கூழாகிச் சாறு கரும்பச்சையாகும்வரை ஊறவேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, இலையில் ஒட்டிக்கொள்வதற்காகக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றவேண்டும். வடிகட்டும் வேலையை அம்மாதான் செய்தாள், அப்பாவின் பழைய வேட்டியை நான்காக மடித்து. வயலுக்கு மட்டும் அவள் வரவே இல்லை. முட்டிவலி என்றாள், சேறு வழுக்கும் என்றாள். அப்பா மூச்சு வாங்க வரப்பில் நடப்பதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை என்பது என் கணிப்பு.

மழை நன்றாகப் பெய்த வருடம் அது. கார்த்திகையில் பயிர் அடர்ந்து, கதிர் வெளிவரும் முன் தண்டு உப்பி, தொண்டைகட்டி நின்றது. ஒரு நாள் காலை நண்பரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாத்தே, ஒன் துண்டுல பொகையான் எறங்கிகினு கீது. சீக்கிரம் வந்து பாரு."

வயலின் நடுவே ஒரு முறம் அளவுக்குப் பயிர் காய்ந்து பழுப்பாகியிருந்தது. சுற்றிலும் பச்சை. அந்த இடத்தில் மட்டும் யாரோ கீழிருந்து புகை போட்டதுபோல. புகையான் என்பது பயிரின் சாற்றை உறிஞ்சிவிடுகிற சின்னஞ்சிறு தத்துப்பூச்சி. அது இறங்கிய பயிர் புகைபட்டதுபோல் கருகுவதால் அந்தப் பெயர். அது வட்டமாகத்தான் பரவும் என்று நண்பர் சொன்னார்.

அன்று மாலையே அப்பா இலைச்சாறு தெளித்தார். நண்பர் வீட்டுப் பேட்டரித் தெளிப்பானின் டேங்க் என் முதுகில், தெளிப்புக்குழல் அவர் கையில். சுமை தூக்கக்கூடாது என்பது அம்மாவின் துணை நிபந்தனை. அவர் தெளித்ததை நான் இன்னும் கண்முன் பார்க்கிறேன். முழங்கை அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் திரும்பியது. ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடிச் சென்றது. பயிரின் தலைமேல் மெல்லிய பனிபோல இறங்கி, இலையில் பொடிப்பொடியாக உட்கார்ந்தது சாறு. எங்கும் ஒரு சொட்டு உருண்டு ஓடவில்லை. பெயிண்ட் ஷாப்பில் அதுதான் முதல் பாடம்: வழியக் கூடாது. ஒரு கோடு வழிந்தாலும் வேலை திரும்பி வந்துவிடும்.

வரப்பில் நின்ற நண்பர் சிரித்தார். "பாத்தியாம்மா? ஒங்கப்பா நெல்லுக்கே ஃபினிஷிங் குடுக்குறாரு!"

அப்பாவின் முகத்தில் ஓய்வு பெற்றபிறகு நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. அன்று அவர் இருமவும் இல்லை.

அடுத்த வாரம் முறம் கட்டிலானது. மறுபடி தெளித்தோம். முன்னைவிடச் சீராக, முன்னைவிடப் பொறுமையாக. அதற்கடுத்த வாரம் கட்டில் ஓர் அறையின் அகலத்துக்குப் பரவி, நண்பரின் வரப்பை நோக்கி இன்னொரு சின்ன வட்டமும் தொடங்கியிருந்தது. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். கலவையின் விகிதம், ஊறிய காலம், சோப்பின் அளவு, வடிகட்டிய துணி, தெளித்த நேரம், அதன்பின் மழை பெய்ததா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வட்டம் மட்டும் வளர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை நண்பர் எங்களுக்காகச் சாலையிலேயே காத்திருந்தார். வண்டியின் பெட்டிக்குள் ஒரு பாட்டில் வைத்திருந்தார். அம்மாவின் நிபந்தனை அவருக்கும் தெரியும். அதனால்தான் அதை எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறாமல் அங்கேயே நின்றார்.

"அண்ணாத்தே, நான் ஒன்னிய ஒண்ணும் சொல்லல. ஆனா அது தாண்டி என் பக்கம் வந்துச்சுனா நான் மருந்து அடிச்சித்தான் ஆவணும். அவ்ளோ வயலுக்கும் அடிச்சா காத்துல ஒன் மேலயும்தான் வரும். இப்பவே ஒன் துண்டுல மட்டும் அடிச்சிட்டா அத்தோட முடிஞ்சுது. நீ ஒரு வாரம் இந்தப் பக்கம் வராத. அண்ணிக்கு யாரு சொல்லப் போறா?"

"நான்தான் சொல்லணும்" என்றார் அப்பா. "ஒரு நாள் பொறு. நாளைக்கு வந்து வயலை உன் கையில குடுத்துடறேன். அப்புறம் நீ எதை வேணா அடிச்சுக்க."

வீட்டுக்கு வந்து கால் கழுவாமல் அப்படியே வாசலில் உட்கார்ந்தார். அம்மா காபி கொண்டுவந்தாள்.

"விட்டுடறேன்" என்றார் அவர். எதை என்று அம்மாவுக்குப் புரிந்தது.

அவள் விரும்பியது இதைத்தான் என்று நான் நினைத்திருந்தேன். இனி சேறு இல்லை, மூச்சு வாங்கல் இல்லை, பால்கனியில் நாற்றம் இல்லை. ஆனால் அவள் முகத்தில் நிம்மதி எதுவும் வரவில்லை. அப்பாவின் கணுக்காலில் காய்ந்து வெடித்திருந்த சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போனது. எடுத்துப்போய் மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்தாள்.

"நாளைக்கு எப்பம் போறீங்க?"

"காலையில. ஏன்?"

"நானும் வாரேன்."

மறுநாள் மூவரும் ஆட்டோவில் போனோம். அம்மா ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கட்டியிருந்தாள். கையில் சாப்பாட்டு அடுக்கு இருந்தது. வடிகட்டிய சாற்றுக் கேனையும் காலடியில் ஏற்றிக்கொண்டாள். விட்டுவிடப்போகிற வயலுக்கு இது எதற்கு என்று கேட்டேன். "ஊத்திட்டு வரலாம், வீட்டுல வச்சு என்ன செய்ய" என்றாள்.

நண்பர் ஓடிவந்து வரவேற்றார். "அண்ணி! வா வா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"முட்டி வழி விடணும்லா அண்ணே" என்றாள் அம்மா.

என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். நெல்லின் தாள்கள் சேலையைப் பிடித்திழுத்தன. இழுத்து விடுவித்துக்கொண்டே போனாள். கருகிய வட்டத்தை அவள் பார்க்கவில்லை. அதன் ஓரத்தில் இன்னும் பச்சையாக நின்ற தூரின் முன் குனிந்தாள். இரண்டு கைகளாலும் தாள்களை இருபுறமும் ஒதுக்கினாள். பள்ளிநாட்களில் குவார்ட்டர்ஸ் படியில் என்னை உட்காரவைத்துத் தலைமுடியை வகிர்வாளே, அதே விரல்கள், அதே குனிதல்.

"ஏட்டி, இங்க வா. இதப் பாரு."

தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில், பழுப்பு நிறத்தில் பூச்சிகள் அப்பியிருந்தன. விரலால் தட்டியதும் பக்கவாட்டில் தத்தின. மேலே, அப்பா அத்தனை அழகாகச் சாறு தெளித்திருந்த இலைகளில், ஒன்றுகூட இல்லை.

"பேன் என்ன முடி நுனியிலயா இருக்கும்?" என்றாள் அம்மா, நிமிராமலே. "நீங்க மேலாக்கச் சீவி விட்டிருக்கீங்க."

அப்பா அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்டின் அடியை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார். மேலே ஓர் இலையைக் கசக்கி அதையும் முகர்ந்தார். மேலே எங்கள் பால்கனியின் நாற்றம் இருந்தது. கீழே வெறும் சேற்று வாசனைதான்.

"வழியக்கூடாதுன்னு பாத்தேன்" என்றார் மெதுவாக.

நண்பரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஃபினிஷிங் சூப்பர் அண்ணாத்தே! பொகையான் கீய ஒக்காந்துகினு, கூரைக்கு பெயிண்ட் அடிச்சதுக்கு ஒனக்கு தேங்ஸ் சொல்லிகினு கீது!"

முதலில் அம்மா சிரித்தாள். பிறகு அப்பாவும் சிரித்தார், சிரிப்பு இருமலாகும்வரை. அம்மா அவர் முதுகைத் தடவிவிட்டபடியே நண்பரைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு வாரம் பொறுத்துக்கிடுங்க. கேக்கலனா நீங்களே அடிச்சிருங்க. நாங்க இந்தப் பக்கம் வரமாட்டோம்."

"ஒனக்கு இல்லன்னு சொல்வனா அண்ணி." அவர் போய் வண்டிப்பெட்டியைப் பூட்டினார். பிறகு மண்வெட்டியோடு வந்து, வரப்பை ஓரிடத்தில் வெட்டி, தேங்கிய தண்ணீரை வடியவிட்டார். மூங்கில் கழிகளால் தூர்களை இருபுறமும் சாய்த்து, காற்றும் வெயிலும் அடிவரை இறங்கும்படி சந்து சந்தாகப் பிரித்துக் கொடுத்தார். அவர் வீட்டு வயலிலும் முன்பு அப்படித்தான் செய்வார்களாம், பாட்டில் கடைக்கு வந்தபிறகு அந்த அலுப்பு எதற்கு என்று விட்டுவிட்டார்களாம்.

நாங்கள் வரிசையாகப் போனோம். முன்னால் அம்மா, தாள்களை வகிர்ந்து பிடித்தபடி. அவளுக்குப் பின்னால் குழலைத் தாழ்த்திப் பிடித்த அப்பா. அவரோடு ரப்பர் குழாயால் கட்டப்பட்டதுபோல, முதுகில் டேங்கோடு நான். அப்பாவின் கை பழக்கத்தை விடவில்லை. சொட்டுத் திரளும் முன்பே விசையை விட்டுவிடும்.

"இன்னும்" என்பாள் அம்மா.

மறுபடி அழுத்துவார்.

"இன்னுங்க. வழியட்டும். கீழ வரைக்கும் வழியட்டும்."

சாறு தண்டைப் பிடித்துக்கொண்டு கோடுகோடாக இறங்கியது. அவருடைய பழைய மேலாளர் பார்த்திருந்தால் அத்தனை தூரையும் திருப்பி அனுப்பியிருப்பார். ஒவ்வொரு தூரிலும் அப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. பாதியில் அம்மா திரும்பிப் பார்க்காமலே "நில்லுங்க" என்றாள். அப்பா நின்றார். அவர் மூச்சு சீராகும்வரை அவள் அந்தத் தாள்களை அப்படியே பிரித்துப் பிடித்திருந்தாள். பிறகு, "ம்" என்றாள். மறுபடி தொடங்கினோம்.

நான் வட்டத்தின் ஓரத்தில் துடைப்பக் குச்சிகளை நட்டுவைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போனபோது கருகல் குச்சிகளைத் தாண்டியிருக்கவில்லை. வரப்போரத்துச் சின்ன வட்டமும் அப்படியே நின்றிருந்தது. இன்னொரு முறை அடித்தண்டில் தெளித்தோம். அம்மா வகிர்ந்த இடங்களில் பூச்சி குறைந்து, சிலந்திகள் நிறையத் தெரிந்தன. நண்பர் தம் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

இலைச்சாறுதான் காப்பாற்றியது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தண்ணீர் வடிந்தது, வெயில் உள்ளே இறங்கியது, சிலந்திகள் தங்கள் வேலையைச் செய்தன, மார்கழிப் பனியும் வந்துவிட்டது. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னிடம் ஒப்பிட இன்னொரு வயல் இல்லை. அப்பாவுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. "உங்கம்மாதான் பாத்தா" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

கருகியது திரும்பவில்லை. கதிர் முற்றிச் சாய்ந்த வயலுக்கு நடுவில் அந்த வட்டம் மட்டும் வழுக்கைபோலக் கிடந்தது. தை மாதத்தில், அறுவடை இயந்திரம் வருவதாக இருந்த அன்று, நாங்கள் அதற்குள்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேறெங்கும் உட்கார இடமில்லை. அம்மா காய்ந்த தாள்களைக் காலால் மிதித்துப் படியவைத்து, மேலே போர்வையை விரித்தாள். நண்பரும் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நெல் எங்கள் தலைக்குமேல் போய்விட்டது. மனைக்கற்களோ புது வீடுகளோ தெரியவில்லை. தூரத்தில் ரயில் ஊதும் சத்தம் மட்டும் வந்தது. புளியோதரை, உருளைக்கிழங்கு, அப்பளம். அப்பாவுக்கு மட்டும் கூடுதலாக ஃபிளாஸ்க்கில் ஆடாதொடைக் கஷாயம்.

"அப்புறம் அண்ணாத்தே, அடுத்த போகத்துக்கு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார் நண்பர்.

அப்பா கஷாயத்தை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். நிபந்தனை போட்டவள் அவள். மூச்சு வாங்குவதையும் அவள்தான் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டாள்.

அம்மா அவருடைய சட்டைத் தோளில் ஒட்டியிருந்த நெற்சுணையை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். அவசரமே இல்லாமல் நண்பர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த தடவ நடும்போதே நடுவுல நடுவுல வழி விட்டு நடச் சொல்லுங்கண்ணே."

"பட்டம் உட்டு நடறதா? நட்டுரலாம் அண்ணி. காத்துக்கு ஒரு அடி உட்டா போதும்."

"ஒரு அடி எனக்குப் பத்தாது" என்றாள் அம்மா. "சேலை மாட்டும்."

அப்பா மூடியிலிருந்த கஷாயத்தை முகம் சுளிக்காமல் ஒரே மடக்கில் குடித்தார்.